கம்பியை வெட்ட வேண்டாம்

நீர் வற்றிய வடகடலின் மேல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.
அதில் கைவண்டி அளவு ரயில். ஓட்டி வந்தவன் மோம்மே.
என் மடியில் அட்டையில் செய்த தீவு;
காற்று தூக்கிப்போகாதிருக்க முகவாயால் அழுத்தியிருந்தேன்.

ஹாலிக் என்கிறார்கள் இதை. கரைச்சுவர் கிடையாது.
புல்வெளி, அதில் நான்கு மண்மேடு, மேட்டின் மேல் வீடு.
ஆண்டுக்கு இருபது தடவை கடல் புல்வெளியை எடுத்துக்கொள்ளும்,
மறுநாள் திருப்பித் தந்துவிடும்,
வட்டிக்கு ஒரு பூச்சு சேறு வைத்து.
இப்போது முப்பது தடவை.
மேட்டின் விளிம்பையும் ருசி பார்க்கிறது.

கோன்கேயின் அடுக்களையில் பதினோரு பேர்.
மேட்டை ஒன்றரை மீட்டர் உயர்த்துகிறோம் என்றேன்.
வீடுகளை இடித்து, மண் கொட்டி, மறுபடி கட்டுகிறோம்.
மாடியில் ஓர் அறை, கான்கிரீட் கால்களில்:
கீழே எது போனாலும் அது நிற்கும்.
கிழக்குச் சரிவில் பூச்செடி வைத்திருந்தேன்,
சூரியோதயம் பார்க்க ஒரு பெஞ்சும்.
மோம்மேயின் மகள் தன் பொம்மை ஆட்டைக் கொண்டுவந்து
பெஞ்சின் மேல் நிறுத்தினாள்.
வீட்டைவிடப் பெரிய ஆடு.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கோன்கே சிரிக்கவில்லை.
தினமும் கடலின் முகம் பார்த்துப் பள்ளிப் படகை எடுக்கிறவள்.
"எத்தனை வருஷத்துக்கு?"
"இரண்டாயிரத்து நூறு வரை."
தொட்டிலைப் பார்த்தாள். விரல் மடக்கினாள்.
"இவனுக்கு அப்போது எழுபத்தைந்து. அதற்குமேல்?"

அதற்குமேல் என்னிடம் படம் இல்லை.
திரையில் எங்கள் நிறுவனத்தின் பெயர் வந்து நின்றது.

நவம்பரில் அளவெடுக்க வந்து மாட்டிக்கொண்டேன்.
அலை வரும் என்று நினைத்திருந்தேன்.
வரவில்லை. வாய்க்கால்கள் நிரம்பின, சத்தமே இல்லாமல்,
கொல்லைப்பக்கமாக வரும் கடன்காரனைப் போல.
புல்நுனி. வேலிக்கம்பம். கம்பத்தின் தலை.
ஆட்டை ஏற்று என்று மட்டும் சொன்னான் மோம்மே.
நூற்று நாற்பது ஆடு, ஒரு விளக்கு. நான் படலைப் பிடித்திருந்தேன்.
நனைந்த கம்பளி இடுப்பில் உரசி உரசி ஏறிப்போயிற்று.
அவை போய் நின்ற இடம் கிழக்குச் சரிவு;
காற்று மறையும் பக்கம் அது ஒன்றுதான்.
என் பூச்செடி. என் பெஞ்ச்.

இடம் போதாமல் குளியலறையில் ஒரு கிடா.
இரவெல்லாம் சுவரின் மறுபக்கம் அசைபோடும் சத்தம்,
அதற்கும் அப்பால், சுற்றிலும், கடல்.
ஓர் ஆடு நிற்க எத்தனை சதுர அடி வேண்டும் என்று
எந்தப் பேராசிரியரும் என்னைக் கேட்டதில்லை.
ஜன்னலைத் திறந்து, டார்ச் அடித்து, எண்ணினேன்.

விடிந்தபோது மற்ற மூன்று மேடுகளும் தண்ணீருக்குள் தனித்தனியே.
ஒன்றில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மதியம் நீர் வடிந்தது.
எந்த ஊரினதோ, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
புல்லில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.
அளவுகோல் வைத்துச் சேற்றை அளந்தேன்: இரண்டு மில்லிமீட்டர்.
கடல் தருவது அவ்வளவு. கேட்பது அதைவிட அதிகம்.
அந்தக் கழித்தலைப் போடத்தான் எனக்குச் சம்பளம்.

பெஞ்சை அழித்தேன். பூச்செடியை அழித்தேன்.
சரிவைத் தாழ்த்தி நூற்றறுபது ஆட்டுக்கு இடம் போட்டேன்.
குளியலறைக் கதவையும் கொஞ்சம் அகலமாக்கினேன்;
கிடா எப்படியும் வரும்.

கோன்கே படத்தை முழுக்கப் பார்த்துவிட்டுப் பென்சிலை வாங்கினாள்.
கான்கிரீட் கால்களின் உச்சியில்
நாலு நாலு கோடு இழுத்தாள்,
கூரையைத் தாண்டி, வெற்றுத்தாளுக்குள்.
"கம்பியை வெட்ட வேண்டாம். நீட்டிக்கொண்டு நிற்கட்டும்.
அடுத்து வருகிறவர்கள் அதில் கட்டிக்கொள்வார்கள்."

ஹாம்பர்க் அலுவலகத்திலிருந்து தொலைபேசி:
பார்க்க அசிங்கமாக இருக்கிறது,
வீடு கட்டி முடியாதது மாதிரி இருக்கிறது.

ஆமாம் என்றேன்.
துருப்பிடிக்காதிருக்க மூடி மட்டும் வரைந்து சேர்த்தேன்,
கையால் திருகித் திறக்கிற மாதிரி.